தாயின் உணவும் சேயின் உடலும்: ஒரு துறைமுகத்தின் கதை

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது தமிழர் வாயிற் பழகிய முதுமொழி. குணத்தையும் நடத்தையையும் கருதியே பெரியோர் இதனைச் சொல்லி வந்தனர். எனினும், கடந்த அரை நூற்றாண்டில் மருத்துவ அறிஞர் கண்ட உண்மைகளை நோக்குமிடத்து, உடலின் கணக்கிலும் இம்மொழி பொய்யன்று என்பது புலனாகின்றது. நூல் நைந்ததாயின் சேலை நையும். நூலில் கஞ்சி மிகுந்ததாயின் சேலை விறைக்கும். அவ்வாறே கருவுற்ற தாய் உணவின்றி மெலிந்தாலும், அளவுக்கு மிஞ்சிப் பருத்தாலும், அவள் குருதியிற் சீனி மிகுந்தாலும், அதன் தடம் பிள்ளையின் உடலிற் பதிகின்றது. அப்பிள்ளை நாற்பது ஐம்பது வயதை எட்டும்போது அத்தடம் நீரிழிவாகவும் இருதய நோயாகவும் வெளிப்படக்கூடும்.

ஆனால் முதுமொழி ஒரு வினாவைக் கேளாமல் விட்டது. அந்த நூலுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது? தாய் உண்ட உணவை அவளா தேர்ந்தாள்? இவ்வினாவுக்கு விடை காண ஏற்ற இடங்களுள் ஒன்று திருகோணமலை. ஏனெனில் அங்கு உணவின் வரலாறு துறைமுகத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது.

கோணேசர் மலையின் அடிவாரத்திலே, காற்றுக்கும் அலைக்கும் அஞ்சாது கப்பல்கள் தங்கத்தக்க ஆழ்கடற் குடா ஒன்று அமைந்திருக்கிறது. 1795 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய இத்துறை, பின்னர் அவர்தம் கடற்படைத் தளமாயிற்று. துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களின் உணவோ நெடுங்காலம் நிலத்தையும் நீரையுமே நம்பியிருந்தது. தம்பலகாமத்து வயல்களும் கந்தளாய்க் குளத்தின் நீரும் நெல்லைத் தந்தன. கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கரைகள் மீனைத் தந்தன. மேட்டு நிலத்தில் குரக்கனும் சாமையும் எள்ளும் பயறும் விளைந்தன. கைக்குத்தரிசிச் சோறும், முருங்கையிலையும், சூடை, சாளை முதலான சிறுமீன்களும் ஏழை வீட்டின் உணவாயின. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்த பத்தியக் கறியும், பால் சுரக்கச் சுறாப் புட்டும் கொடுக்கும் வழக்கம் இன்றும் மறையவில்லை.

இதனைக் கொண்டு அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ்வது பிழையாகும். மலேரியாக் காய்ச்சலும் சோகையும் கருவுற்ற பெண்களை வாட்டின. 1930களில் இலங்கையில் ஆயிரம் பிள்ளைப்பேறுகளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். உயிரோடு பிள்ளை பெறுவதே பெரும்பேறாக இருந்த காலம் அது. அப்பிள்ளை ஐம்பது வயதில் எந்நோய்க்கு ஆளாகும் என்று கேட்பதற்கு அன்று எவருக்கும் ஓய்வில்லை.

இந்நிலையிலே 1942 ஆம் ஆண்டு வந்தது. இலங்கை மக்கள் உண்ட அரிசியின் பெரும்பங்கு அக்காலத்தில் கடல் கடந்தே வந்தது. அதிலும் பர்மா அரிசியே மிகுதி. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் யப்பானியர் கைப்பட்டது. அரிசிக் கப்பல்கள் நின்றன. ஏப்பிரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத் தளத்தின் மீதும் குண்டு பொழிந்தன. குடிமக்கள் பலர் வீட்டைத் துறந்து உள்ளூர்களுக்கு ஓடினர்.

அவ்வாண்டிலேதான் இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கிற்று. கூப்பன் என்னுஞ் சொல் தமிழ் வீடுகளிற் குடிபுகுந்தது. ஊர்தோறும் சங்கக் கடைகள் பெருகின. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வழங்கப்பட்டது. அதுவரை கோதுமையைப் பெரிதும் அறியாத கிராமத்து அடுக்களைகள், அதனைப் புட்டாகவும் ரொட்டியாகவும் மாற்றக் கற்றன.

இவ்விடத்தில் உடலியல் உண்மை ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். பெண்குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே, அக்குழந்தையின் சூலகத்தில் அதன் வாழ்நாள் முழுமைக்கும் உரிய சூல்முட்டைகள் உருவாகிவிடுகின்றன. ஆகவே, 1942 இல் பங்கீட்டு அரிசியை அளந்து சமைத்த கர்ப்பிணி ஒருத்தி பெண்ணைச் சுமந்தாளாயின், அவள் தன் மகளை மட்டுமன்றி, 1960களில் பிறக்கவிருந்த பேரப்பிள்ளைகளின் வித்தையும் அந்த ஒரே வயிற்றிற் சுமந்தாள். ஒரு பெண்ணின் உணவு மூன்று தலைமுறையைத் தொடுவது இவ்வாறே.

அந்தப் போரின் இறுதிக் குளிர்காலத்தில் ஐரோப்பாவிலும் ஒரு பெரும் பசி நேர்ந்தது. 1944 இன் முடிவில் செருமானியப் படை ஒல்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்லாது தடுத்தது. நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் குறைந்த உணவே நகர மக்களுக்குக் கிடைத்தது. 1945 மே மாதத்தில் விடுதலை வந்தவுடன் உணவும் வந்தது. பசி தொடங்கிய நாளும் முடிந்த நாளும் திட்டமாகத் தெரிந்தமையாலும், பிறப்புப் பதிவேடுகள் அழியாது கிடந்தமையாலும், எந்தக் குழந்தை கருவின் எந்த மாதத்திற் பசித்தது என்று கணக்கிட அறிஞர்க்கு இயன்றது.

கணக்கின் விடை வியப்புக்குரியதாக இருந்தது. படைச் சேவைக்காகப் பரிசோதிக்கப்பட்ட ஏறக்குறைய 3 இலட்சம் இளைஞரின் ஏடுகளை ஆராய்ந்து 1976 இல் வெளியிட்ட முடிவின்படி, கருவின் முற்பாதியிற் பசியுற்றவரிடையே உடற்பருமன் மிகுந்திருந்தது. கருவின் இறுதியிலும் பிறந்த சில மாதங்களிலும் பசியுற்றவரிடையே குறைந்திருந்தது. அவ்வூர் மக்கள் ஐம்பது வயதை எட்டியபோது, கருவிற் பசித்தவரின் உடல் சீனியை ஆளும் திறனிற் பின்தங்கியிருந்தமை 1998 இல் அறியப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும், பரம்பரை அலகுகளின் மேல் அமர்ந்து அவற்றை இயக்கவும் அடக்கவும் செய்யும் வேதியற் குறிகள் அவர்களிடம் வேறுபட்டிருந்ததை 2008 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. பசி போய்விட்டது; அதன் எழுத்து அழியவில்லை.

இதற்கு மாறான சான்று ஒன்றும் உண்டு. 1941 முதல் 1944 வரை முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட் நகரத்திற் கருவிற் பசித்தவர், பிற்காலத்தில் அவ்வளவு நீரிழிவுக்கு ஆளாகவில்லை. அங்கே முற்றுகைக்குப் பின்னும் உணவு நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. எனவே, பசி மட்டும் தீங்கு செய்வதன்று, பசிக்குப் பின் திடீரென வரும் நிறைவே அத்தீங்கை வெளிக்கொணர்கின்றது என்று அறிஞர் விளக்கம் கூறினர். துறைமுக ஊர்களின் வரலாற்றை ஆராய்வோருக்கு இக்கருத்து மிகவும் பயன்படுவது.

இங்கிலாந்திலே இவ்வுண்மையைத் துலக்கியவர்கள் மருத்துவிச்சிகள் எனலாம். 1911 முதல் ஆட்போட்சயர் மாகாணத்தில் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்னும் அம்மையாரின் மேற்பார்வையில், பிறந்த குழந்தை ஒவ்வொன்றின் நிறையும் ஏட்டில் எழுதப்பட்டது. அவ்வேடுகளைத் தேடியெடுத்த மருத்துவப் பேராசிரியர் டேவிட் பாக்கரும் அவர்தம் துணைவரும், அக்குழந்தைகளே அறுபது வயது கடந்த ஆடவராக வாழ்வதைக் கண்டு அவர்களைச் சோதித்தனர். பிறக்கும்போது நிறை குறைந்திருந்தவரிடையே நீரிழிவும் அதன் முன்னிலையும் மிகுந்திருந்தன. 1991 இல் இது வெளியாயிற்று.

காரணம் யாது? கருவிலுள்ள குழந்தை, தாயின் குருதி வழியே வெளியுலகைப் பற்றிச் செய்தி பெறுகின்றது. உணவு குறைவாக வந்தால், குறைவான உலகமே தனக்குக் காத்திருக்கின்றதென உடல் எண்ணிக்கொள்கிறது. மூளையைக் காப்பதற்காகத் தசையையும் ஈரலையும், இன்சுலினைச் சுரக்கும் சதையியையும் சுருக்கிக்கொள்கிறது. கிடைப்பதைக் கொழுப்பாகச் சேமிக்கப் பழகுகிறது. இது சிக்கனமுள்ள குடும்பத்தின் ஒழுங்கு. அத்தகைய உடலின் மேல் பின்னாளில் மாவையும் சீனியையும் குவித்தால், சிறிய களஞ்சியத்திற் பெரிய அறுவடையைத் திணித்தது போலாகும்.

இந்திய நாட்டில் பூனே நகரை அடுத்த ஆறு கிராமங்களில் 1993 ஆம் ஆண்டு தொடங்கி, மருத்துவர் யாஜ்னிக் என்பார் கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோகிராம், இங்கிலாந்தின் சதாம்டன் நகரக் குழந்தைகளின் நிறை 3.5 கிலோகிராம். ஆனால் பூனேக் குழந்தைகளிற் குறைந்தது தசையும் உள்ளுறுப்புகளுமே. தோலின்கீழ்க் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. தென்னாசிய மக்கள் அதிகம் பருக்காமலே, இளவயதிலேயே சலரோகத்துக்கு ஆளாவது ஏன் என்பதற்கு இது ஒரு விடையாயிற்று. மேலும், பன்னிரண்டாம் எண்ணுள்ள பீ உயிர்ச்சத்துத் தாயிடம் குறைந்திருந்தால் பிள்ளையின் உடல் இன்சுலினுக்கு இணங்க மறுக்கும் போக்கும் அங்கே காணப்பட்டது. மீனிலும் முட்டையிலும் பாலிலும் உள்ள சத்து அது. சிறுமீனைக் கறியாக்கிய கரையோரத்துப் பாட்டிமார், பெயரறியாமலே அதனைப் பிள்ளைகளுக்கு ஊட்டி வந்தனர்.

மீண்டும் திருகோணமலைக்குத் திரும்புவோம். 1948 இல் நாடு விடுதலை பெற்ற பின்னும் பங்கீடு தொடர்ந்தது. 1953 இல் பங்கீட்டரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசு உயர்த்தியபோது, ஆகத்து 12 ஆம் நாள் நாடெங்கும் கர்த்தால் மூண்டது. சோற்றின் விலை ஆட்சியையே அசைக்கவல்லது என்பது அன்று தெரிந்தது. 1957 ஒற்றோபரில் ஆங்கிலக் கடற்படை துறைமுகத்தை இலங்கையிடம் ஒப்படைத்து அகன்றது. அக்காலத்திற் கப்பல்களில் வந்த கோதுமை மா, தமிழ் ஊர்களில் அமெரிக்கன் மா என்றே பெயர் பெற்றுவிட்டது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உலகப் பஞ்சத்தில் பங்கீடு சுருங்கிற்று. மலையகத் தோட்டங்களிற் சாவு பெருகிற்று. 1979 இல் பங்கீடு ஒழிந்து உணவு முத்திரை வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1980 இல், சீனன்குடாவில் பிரிமா என்னும் நிறுவனத்தின் பெரும் மாவாலை இயங்கத் தொடங்கிற்று. உலகின் மிகப் பெரிய மாவாலைகளுள் ஒன்றாக அது கருதப்படுகின்றது. கோதுமையாக வந்து இறங்கியது மாவாக நாடெங்கும் சென்றது. அக்கால ஒப்பந்தத்தின்படி, அரைத்த மாவை அரசு பெற்றுக்கொள்ள, தவிடு முதலானவற்றை ஆலை தன் கூலியாக வைத்துக்கொண்டது. வெள்ளை மா வீட்டுக்கு வந்தது; நாரும் உயிர்ச்சத்தும் நிறைந்த தவிடு வேறிடம் சென்றது. நெல்லின் கதியும் அதுவே. உரலின் இடத்தை ஆலை பிடித்தபோது அரிசி வெளுத்தது. காலையிற் பாண், மாலையிற் பணிஸ், நாள்தோறும் பலமுறை சீனி கலந்த தேநீர் என்பது துறைமுக நகரின் உணவாயிற்று. மலிவாலும் விரைவாலும் மா வென்றது. வேலைக்குச் செல்லும் தாய்க்கு அது பேருதவியாகவும் இருந்தது. பசியிற் பிறந்த தலைமுறையின் பிள்ளைகள் இவ்வாறு மாவின் காலத்திற் பெற்றோராயினர்.

இங்கே வரலாற்றின் மறுபக்கம் தொடங்குகின்றது. டென்மார்க்கின் மருத்துவர் பீடர்சன் 1950களில் ஓர் எளிய உண்மையை எடுத்துரைத்தார். தாயின் குருதியிலுள்ள சீனி நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் செல்லும். தாயின் இன்சுலின் கடக்காது. ஆதலால், தாய்க்குச் சீனி மிகுந்தால், குழந்தை தன் சிறிய சதையியை வருத்தி இன்சுலினைப் பெருக்கவேண்டியதாகிறது. இன்சுலின் கொழுப்பை வளர்க்கும். குழந்தை பருத்துப் பிறக்கும். ஊரார் அதனைக் கொழுகொழு என்று கொஞ்சுவர். ஆனால் அப்பருமனுக்குள்ளே பிற்கால நோயின் விதை உறங்கலாம்.

இது குலத்தின் வழி வந்த குணந்தானே என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடையை அமெரிக்காவின் அரிசோனா நிலத்துப் பீமா பழங்குடி மக்கள் தந்தனர். ஒரே தாய்க்கு நீரிழிவு வருமுன் பிறந்த பிள்ளையையும், வந்த பின் பிறந்த பிள்ளையையும் அங்கே ஒப்பிட்டனர். பெற்றோர் ஒருவரே, ஆயினும் பின் பிறந்த பிள்ளைக்கே நீரிழிவு பெரிதும் மிகுந்தது. கனடாவிலே, மிகவும் பருத்த தாய்மார் இரைப்பைச் சத்திர சிகிச்சையால் மெலிந்த பின்னர் பெற்ற பிள்ளைகள், அதற்கு முன் பெற்ற பிள்ளைகளைக் காட்டிலும் பருமன் குறைந்தவராக விளங்கினர். குருதி ஒன்றாயினும் கருவறையின் பருவம் வேறு. விதை மட்டும் விளைவைத் தீர்ப்பதில்லை. வயலின் ஈரமும் தீர்க்கின்றது.

இவ்வாறு ஒரு சக்கரம் சுழல்கின்றது. பசித்த தாய் சிக்கன உடலுள்ள மகளைப் பெறுகிறாள். அம்மகள் மாவும் சீனியும் மலிந்த காலத்தில் வளர்ந்து, கருவுறும்போது சலரோகத்துக்கு ஆளாகிறாள். அவள் மகள் சீனி மிகுந்த கருவறையில் உருவாகிறாள். முதலில் வறுமை வைத்த அடி, பின்னர் நிறைவின் கையால் ஓங்கி விழுகிறது.

சக்கரத்தை நிறுத்த வழியுண்டா? உண்டு. முதலாவது, அறிந்துகொள்ளல். சென்னை மருத்துவர் வி. சேசையா, கர்ப்பகால நீரிழிவைக் கண்டறிய எளிய முறையொன்றை இந்தியாவிற் பரப்பினார். வெறும் வயிற்றோடு வரவேண்டுமென்ற கட்டாயமின்றி, 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடித்து, 2 மணிநேரத்தின் பின் குருதிச் சீனியை அளப்பது. 140 மில்லிகிராமை அது எட்டினால் நோயெனக் கொள்வது. தொலைவிலிருந்து வரும் ஏழைப் பெண்ணைப் பட்டினியோடு மற்றொரு நாள் வாவென்று திருப்பியனுப்பாத முறை இது. 2009 இற் பாலம் திறக்கப்படும்வரை படகேறிக் கிண்ணியாத் துறையைக் கடந்து நகருக்கு வந்த பெண்களை எண்ணுவோர்க்கு, இவ்வசதியின் அருமை விளங்கும்.

இரண்டாவது, அளவறிதல். பிள்ளைத்தாய்ச்சி இரண்டுயிருக்கு உண்ணவேண்டும் என்பர். முதல் மூன்று மாதங்களில் மேலதிக உணவு பெரும்பாலும் வேண்டியதேயில்லை; பின்னர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 350 கலோரி கூடினாற் போதும். மெலிந்த பெண் கர்ப்ப காலத்தில் 12.5 முதல் 18 கிலோகிராம் வரையும், நடுத்தர உடலினள் 11.5 முதல் 16 வரையும், பருமன் மிக்கவள் 5 முதல் 9 வரையும் நிறை கூடலாம் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2009 இல் வகுத்தது. ஒருத்திக்கு மருந்தாவது மற்றொருத்திக்கு மிகையாகும். பிள்ளை சிறுத்தால் பேறு எளிதாகும் என்றெண்ணி உணவைக் குறைக்கும் பழக்கமும், விருந்தோம்புவதாக எண்ணி இனிப்பைத் திணிக்கும் பழக்கமும் ஒருங்கே விடத்தக்கன.

மூன்றாவது, அமைப்பு. 1926 இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள்முதல், வீடுதேடிச் செல்லும் மருத்துவமாது இலங்கையின் பெருஞ்செல்வமானாள். தாய்மார் சாவு 1960 அளவில் ஆயிரத்துக்கு மூன்றாகக் குறைந்ததில் அவளுக்குப் பெரும் பங்குண்டு. 1973 முதல் சோளமும் சோயாவும் சேர்ந்த திரிபோசா மா கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கிடைக்கலாயிற்று. தாயைச் சாவினின்று காத்த அதே கைகளிடந்தான், பிள்ளையைப் பிற்கால நோயினின்று காக்கும் பணியும் இன்று வந்து சேர்ந்திருக்கிறது. முன்னே நிறை குறைந்தவளைத் தேடிய மருத்துவமாது, இன்று நிறை கூடியவளையும் தேடவேண்டியவளாகிறாள். ஒரே தெருவில், சிலவேளை ஒரே வீட்டில், இருவரும் இருக்கின்றனர்.

திருகோணமலைக்கு இக்கடமை பிறவிடங்களினும் அவசரமானது. 1983 முதல் 2009 வரை நீண்ட போர் இம்மாவட்டத்தைப் பலமுறை இடம்பெயர்த்தது. இடையே 2004 மார்கழியில் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது. 2006 இல் மூதூரிலும் சம்பூரிலும் இருந்த மக்கள் வீடுவாசலைத் துறந்து ஓடினர். முகாம்களில் நிவாரணமாகக் கிடைத்தவை பெரும்பாலும் அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி ஆகியவையே. வயிறு நிரம்பிற்று, மீனும் கீரையும் எட்டாது போயின. அன்று மரநிழலிலும் கூடாரத்திலும் கருவிலிருந்த பெண்குழந்தைகள் இன்று இளமங்கையர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அவர்களின் அடுக்களையில் முட்டையும் மீனும் மீண்டும் அரிதாயின. இனிவரும் ஆண்டுகளில் தாயராகப் போவோர் இவர்களே.

ஆகவே, கர்ப்பிணியைக் கண்டவுடன் அறிவுரை சொல்லுவது காலங்கடந்த உதவியாகும். பாடசாலைக்குச் செல்லும் சிறுமியின் தட்டிலேயே அடுத்த தலைமுறையின் உடல் தொடங்குகிறது. அவளுக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டையோ ஒரு பிடி சிறுமீனோ, ஒரு கை கீரையோ பயறோ கிடைப்பதும், அவள் ஓடியாட இடமிருப்பதும், குரக்கனும் தீட்டாத அரிசியும் பாணினும் மலிவாகக் கிடைப்பதும், வீட்டாரும் ஊராரும் அரசும் கூடிச் செய்யவேண்டியவை.

பருத்த பிள்ளையைக் கண்டு தாயைப் பழிப்பதும், சலரோகக்காரியைப் பார்த்து வாயைக் கட்டாதவள் என்பதும் எளிது. இரங்கூன் வீழ்ந்ததும், கப்பல்கள் நின்றதும், மா வந்து இறங்கியதும், குண்டுகள் விழுந்ததும் அவள் கேட்டு நடந்தவையல்ல. எனினும் அவை யாவும் அவள் உலையில் வந்து கொதித்தன. சேலை நைந்ததற்கு நூலை மட்டும் நோவானேன்? பஞ்சு விளைந்த நிலத்தையும் நோக்கவேண்டும். கோணேசர் மலையிலிருந்து துறையை நோக்குவோர்க்கு, குடாவுக்குள் நுழையும் கோதுமைக் கப்பல் இன்றும் தெரிகின்றது. அது சுமந்து வருவது இன்றைய உணவு மட்டுமன்று. அறுபது ஆண்டுகளுக்குப் பின் வாழப்போகும் மக்களின் உடல்நலமும் அதனுள்ளே ஒரு பங்காக இருக்கின்றது.